எழுபத்தாறைத் தாண்டிய பட்டியல்

மடத்துக்கு வந்து நாலு வருஷம் ஆகியும் எத்திராஜ் வாத்தியாருக்கு உபதேசம் என்று ஒன்று வாய்க்கவில்லை. காய் நறுக்கினார், கஞ்சி ஊற்றினார், அண்டா கழுவினார். அவ்வளவுதான்.

அவருக்கு வயது அறுபத்தேழு. குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். ஒரு நாள் வண்டியை அரூர் ரோட்டில் ஓரம் கட்டி, சாவியை முதலாளிக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, மலையடிவாரத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். மத்தியானம் யார் வந்தாலும் கஞ்சி ஊற்றுவதால் கஞ்சிச் சாமி என்று பெயர் வந்தது.

ஊரில் சிரிக்காமல் இருப்பார்களா? "ஊருக்கே பாடம் சொன்ன மனுசன், கடைசியில டிரைவர்கிட்ட பாடம் கேக்குறாரு பாரு" என்றார்கள். வாத்தியார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மனைவி இறந்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிருந்தது. மனைவிக்காக மட்டும் போகவில்லை என்பது அவருக்குத் தெரியும். சாமிக்குத் தெரியாது.

அது தொண்ணூற்றேழாம் வருஷம், ஆகஸ்ட் மாதம். சுதந்திரப் பொன்விழா. பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவரில் நாட்டின் வரலாற்றை முக்கிய வருஷத்துக்கு ஒரு வரியாக எழுத ஏற்பாடு ஆகியிருந்தது. பெயிண்டர் வெள்ளையடித்துவிட்டு வாசகத்துக்காகக் காத்திருந்தார். வாசகம் எழுதித் தரும் பொறுப்பு பழைய தலைமையாசிரியர் என்ற முறையில் எத்திராஜுக்கு வந்தது.

பதினோராம் தேதி காலையில் அவர் பட்டியலோடு மடத்துக்கு வந்தார்.

"சாமி, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க வாத்தியாரே." சாமி சுரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"இத்தனை வருஷத்துல இந்த நாட்டுக்கு ரொம்ப முக்கியமான நாள் எது? அதை மட்டும் செவப்புல, பெரிய எழுத்துல எழுதலாம்னு இருக்கேன்."

"நான் எட்டாவது ஃபெயிலு. படிங்க, கேப்போம்."

வாத்தியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்தேழு. நாடு சுதந்திரம் அடைந்தது."

"அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"நானா? தருமபுரியில, பள்ளிக்கூடத்துல. மிட்டாய் கொடுத்தாங்க."

"சரி. அப்புறம்?"

"அம்பத்திரெண்டு. முதல் பொதுத்தேர்தல் நிறைவுற்றது." சாமி கேட்பதற்கு முன்பே சொன்னார்: "ஓட்டுச்சாவடியில டூட்டி எனக்கு. வந்தவங்க விரல்ல மை வெச்சேன்."

"அப்புறம்?"

"அறுபத்திரெண்டு. சீனப் போர். என் சம்சாரம் காதுத் தோட்டைக் கழட்டி யுத்த நிதிக்குக் கொடுத்தா. அறுபத்தஞ்சு, இந்தி எதிர்ப்பு. பள்ளிக்கூடம் மூடியிருந்துச்சு, வீட்ல இருந்தேன். எழுபத்தொண்ணு, வங்கதேசப் போர். ரேடியோ பக்கத்துலயே உக்காந்திருந்தேன்."

சொல்லச் சொல்ல வாத்தியாருக்கு உற்சாகம் வந்துவிட்டது. சாமி தலையாட்டிக்கொண்டே சுரைக்காயை அண்டாவில் தள்ளினார்.

"எழுபத்தஞ்சு. நெருக்கடி நிலை பிரகடனம்."

"அப்ப?"

"பள்ளிக்கூடத்துல. இனிமே பஸ்ஸெல்லாம் நேரத்துக்கு வரும், எல்லாம் ஒழுங்கா நடக்கும்னு பசங்களுக்குச் சொன்னேன். எழுபத்தேழு, தேர்தல். ஆட்சி மாறியது. அன்னிக்கு நான்..."

"இருங்க. எமர்ஜென்சி நடுவுல ஒரு வருசம் போச்சே."

"எது?"

"எழுபத்தாறு."

"அந்த வருஷம் பெருசா ஒண்ணும் நடக்கலை சாமி."

அரசியல் சட்டத்தையே திருத்தி எழுதிய வருஷம் அது. முப்பத்தெட்டு வருஷம் வரலாறு நடத்தியவருக்கு அது தெரியாமல் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நினைப்பவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவர் முகம்.

சாமி கத்தியைக் கீழே வைத்தார். "நீங்க எங்க இருந்தீங்க?"

வாத்தியார் பட்டியலை நாலாக மடித்தார். பிறகு பிரித்தார்.

"எழுபத்தாறுல எங்களுக்கெல்லாம் உத்தரவு வந்துச்சு சாமி. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆளுக்கு மூணு கேஸ் பிடிச்சுத் தரணும். இல்லேன்னா சம்பளம் நிக்கும், தண்ணியில்லாத காட்டுக்கு மாத்துவாங்க. வாத்தியாருங்க பாதி நாள் பாடம் நடத்துறதை விட்டுட்டு ஆள் பிடிக்கத்தான் அலைஞ்சோம். எனக்கு ரெண்டு கெடச்சுது. மூணாவது கெடைக்கலை. நாள் நெருங்கிடுச்சு."

"ம்."

"எங்கிட்ட மூணாங்கிளாஸ் படிச்சவன் ஒருத்தன், ஆடு மேய்ச்சுக்கிட்டு இருந்தான். இருபத்திரெண்டு வயசு. கல்யாணம் ஆகி நாலு மாசம். நான் சொன்னா மறுபேச்சுப் பேசமாட்டான். என் சைக்கிள்லயே பின்னால உக்கார வெச்சு கேம்ப்புக்குக் கூட்டிட்டுப் போனேன். சும்மா கொஞ்ச நாளைக்குத்தான், அப்புறம் வெட்டுனதைத் திருப்பிச் சேத்துடுவாங்கன்னு சொன்னேன்."

"சேப்பாங்களா?"

"எனக்குத் தெரியாது சாமி. தெரிஞ்ச மாதிரி சொன்னேன்."

"புள்ள இல்லாதவனை எப்படி எடுத்துக்கிட்டாங்க?"

இதைத்தான் கேட்கக்கூடாது என்று வாத்தியார் இருபத்தோரு வருஷமாகப் பயந்துகொண்டிருந்தார்.

"ஃபாரத்துல வயசு இருபத்தெட்டுன்னு போட்டேன். ரெண்டு குழந்தைன்னு எழுதினேன். நானே பேரும் வெச்சேன். யாராவது விசாரிச்சு வந்தா என்ன பண்றதுன்னு பயம். அதனால பெரிய புள்ளையை எங்க பள்ளிக்கூடத்துலயே ஒண்ணாங்கிளாஸ்ல சேத்த மாதிரி பதிஞ்சேன். தினம் அட்டென்டன்ஸ் போட்டேன்."

"இல்லாத புள்ளைக்கு?"

"ஆமா சாமி."

சாமி அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவன் பேரு?"

"வேடியப்பன். மேட்டுக்கொட்டாய்."

சாமியின் முகம் மாறியது. வேடியப்பன் மனைவி மாதம்மாளை அவருக்குத் தெரியும். பிள்ளை வரம் கேட்டு வெள்ளிக்கிழமை தவறாமல் மடத்துக்குப் பின்னால் இருக்கும் புற்றை நூற்றெட்டுச் சுற்றுச் சுற்றுவாள். இடது கால் வீங்கிப்போய், கம்பை ஊன்றிக்கொண்டு சுற்றிய வெள்ளிக்கிழமைகளும் உண்டு. வயது நாற்பதைத் தொட்டுவிட்டது, இன்னும் நிறுத்தவில்லை. ஒரு வளைகாப்புக்கு அவளைக் கூப்பிட்டவர்கள் கிடையாது.

"அதைச் செவுத்துல எழுதிடறேன் சாமி" என்றார் வாத்தியார். "எழுபத்தாறுன்னு போட்டு, நான் பண்ணினதை ஊர் பாக்க எழுதிடறேன். அப்பவாவது எனக்குத் தூக்கம் வரும்."

"செவுத்துக்கு என்ன வலிக்கப்போவுது? போயி வேடியப்பன்கிட்ட சொல்லுங்க."

"என்னன்னு சொல்றது?"

"எங்கிட்ட சொன்னதைத்தான். ஆனா அவன்கிட்ட மட்டும். மெதுவா."

மேட்டுக்கொட்டாய் இரண்டு மைல். வாத்தியார் நடந்தே போனார். வழி முழுக்கச் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டார். பரீட்சைக்குப் போகும் பையனை அவர் எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறார். இப்போது அவருக்கே நாக்கு ஒட்டிக்கொண்டது.

வேடியப்பன் ஆட்டுப் பட்டிக்குப் படல் கட்டிக்கொண்டிருந்தான். வாத்தியாரைப் பார்த்ததும் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். அந்த மரியாதையைப் பார்த்ததும் வாத்தியாருக்குத் திரும்பி ஓடிவிடலாம் போல இருந்தது. வீட்டுக்குள்ளிருந்து கேழ்வரகு புடைக்கும் சத்தம் வந்தது.

"வாங்க சார். சொல்லியனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே."

"வேடியப்பா, அந்த ஆபரேசன்..."

அவன் சட்டென்று வீட்டுப் பக்கம் பார்த்தான். "அந்தப் பேச்சு எதுக்கு சார் இப்ப?" குரல் தரையோடு தரையாக இருந்தது. "ரெண்டு வருசம் கழிச்சு நானே பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். சேக்க முடியாதுன்னுட்டாங்க. முடிஞ்சுபோச்சு. அவளுக்குத் தெரியாது. விட்டுடுங்க."

இங்கே நிறுத்தியிருந்தால் ஒரு பாதியாவது தப்பியிருக்கும். வாத்தியார் நிறுத்தவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுகையை அடக்கக் குரலை உயர்த்தினார். கடைசிப் பெஞ்சுக்கும் கேட்க வேண்டும் என்று முப்பத்தெட்டு வருஷம் பழகிய குரல். அவருக்கு மெதுவாகப் பேசவே வராது.

"உனக்கு ரெண்டு குழந்தை இருக்குன்னு பொய்யா எழுதினது நான்தாண்டா! புள்ளையே பெத்துக்காதவனைக் கொண்டுபோய் ஆபரேசன் பண்ண வெச்சேன்டா! அதைப் பள்ளிக்கூடத்துச் செவுத்துல எழுதப்போறேன்!"

புடைக்கும் சத்தம் நின்றது.

"என்னன்னு எழுதுவீங்க?" என்றான் வேடியப்பன். "வேடியப்பன் ஆம்பள இல்லைன்னா?"

சுவரில் எழுதப்போவது தன் குற்றம் என்றுதான் வாத்தியார் நினைத்திருந்தார். அதில் இன்னொருவன் பெயரும் இருக்கும், அதை ஊர் தினம் படிக்கும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

மாதம்மாள் முறத்தோடு வாசலில் நின்றாள். முறத்திலிருந்து கேழ்வரகு சிந்திக்கொண்டிருந்தது. அவள் புருஷனைப் பார்க்கவில்லை.

"சார், ரெண்டு புள்ளைன்னீங்களே. என்ன பேரு வெச்சீங்க?"

"மாதம்மா, நீ உள்ள போ" என்றான் வேடியப்பன்.

"நான் சாரைக் கேக்குறேன்."

வாத்தியார் தரையைப் பார்த்துச் சொன்னார். "பெரியவ பூங்கொடி. சின்னவன் செழியன்."

"பூங்கொடி" என்று அவள் சொல்லிப் பார்த்தாள். "எத்தனை வயசு அப்ப?"

"அஞ்சு."

"பள்ளிக்கூடத்துல சேத்தீங்களா?"

"ஒண்ணாங்கிளாஸ்ல."

"ஒழுங்கா வந்தாளா?"

பொய் சொல்ல அவருக்குத் தெம்பில்லை. பதிவேட்டில் இருந்ததைச் சொன்னார். "வந்தா. ஒரு நாள்கூட லீவு போடலை."

"அஞ்சாவது முடிச்சாளா?"

"இல்லம்மா. ஆட்சி மாறினதும் பயமாயிடுச்சு. பேரை அடிச்சுட்டேன். ஊரை விட்டுப் போயிட்டதா எழுதினேன்."

அவள் முறத்தை வாசற்படியில் வைத்தாள். பிறகு வேடியப்பனிடம் கேட்டாள். "உனக்குத் தெரியுமா?"

"ஆபரேசன் தெரியும்" என்றான் அவன். "புள்ளைங்க பேரு இப்பத்தான் தெரியும்."

"நான் முழங்கால் தேயச் சுத்திக்கிட்டு இருந்தப்பல்லாம் உனக்குத் தெரியும்."

மாதம்மாள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அழுதிருந்தாலாவது தேவலை என்று வாத்தியாருக்குத் தோன்றியது.

வேடியப்பன் துண்டை மறுபடி தலையில் கட்டிக்கொண்டான். "போங்க சார்" என்றான்.

அவர் மடத்துக்குத் திரும்பும்போது கஞ்சி ஊற்றி முடிந்திருந்தது. சாமி அண்டாவைக் கவிழ்த்துப் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்தார். நடந்ததை முழுக்கச் சொன்னார். கத்திப் பேசியதையும் சொன்னார். சாமி தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"உங்களை அனுப்பினது நான். அதுல எனக்கும் பங்கு இருக்குது" என்றார்.

"செவுத்துல எழுதலை சாமி. அவன் பேரை நான் மறுபடியும் எங்கயும் எழுத மாட்டேன்."

"சரி."

"நான் நாளைக்கும் போறேன். அவங்க வீட்டு வாசல்ல விழறேன். மாதம்மா என்னை மன்னிப்பாளா சாமி?"

சாமி அண்டாவில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினார்.

"இருபத்தோரு வருசமா அவ திட்டுனது உங்களை இல்லை வாத்தியாரே. தன் வயித்தைத்தான் திட்டுனா. இன்னிக்கு அவ அந்த வயித்துக்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். அதுக்கப்புறம் மன்னிக்கறதுக்குப் புருசன் இருக்கான். உங்க முறை வர்றப்ப நீங்க உசுரோட இருக்கணுமே."