பின் பொருந்தியது

மடத்துக் கொட்டகையில் பேட்டரி வண்டி செத்துக் கிடந்தது. அதன் முன்னால் சீடர் நாச்சியப்பன் தரையில் உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டு மணி அடித்தும் எழவில்லை.

அது சௌந்தரராசனின் மூன்று சக்கர வண்டி. இரண்டு காலும் விளங்காத மனிதர். பாதி வாழ்க்கை யாராவது தூக்க, யாராவது தள்ள என்றே போனது. இந்த வண்டி வந்த பிறகுதான் தானாக ஏரிக்கரைக்குப் போய், தோன்றும்போது திரும்பி வந்தார். “யாரும் கூட வராதீங்க” என்று சொல்வதில் அவருக்கு அப்படியொரு சந்தோஷம்.

பழைய சார்ஜர் பழுதானதும் நாச்சியப்பன் அவரைக்கூடக் கேட்காமல் டவுனுக்கு ஓடினார். அதுதான் வினையாயிற்று. நல்லது செய்யக் கிளம்பிவிட்டால் நம்மில் பலருக்கும் கால் தரையில் நிற்பதில்லை.

சௌந்தரராசன் திட்டியிருந்தால்கூடத் தேவலை. “பரவாயில்ல” என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர்தான், இன்னும் எழவில்லை.

குரு வந்து நாச்சியப்பன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“கடைக்காரர் என்ன கேட்டார்?”

“பேட்டரி எத்தனை வோல்ட்டுன்னு கேட்டாரு, சாமி.”

“நீங்க?”

“இருக்கிறதிலேயே வேகமா ஏத்துறதைக் குடுங்கன்னேன். அவர் ஏரிக்குப் போறதுக்குக் காத்துக்கிடக்க வேணாமேன்னு நினைச்சேன். இங்க வந்து சொருகிப் பார்த்தேன். சார்ஜர் பின் வண்டியில பொருந்துச்சு.”

“அப்புறம்?”

“சீக்கிரமா ஏறுச்சு. என் கையைப் பிடிச்சுக்கிட்டு அப்படிச் சிரிச்சாரு.” நாச்சியப்பன் தன் உள்ளங்கையைப் பார்த்தார். “பேட்டரி சூடாச்சு. புது சார்ஜர், அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன். இப்ப பேட்டரி வயிறு ஊதிப் போச்சு. இந்த வண்டியைச் செஞ்ச கம்பெனியே இப்ப இல்லையாம். இதுக்குள்ள அடங்குற பேட்டரி இனிமே கிடைக்காதுன்னு மெக்கானிக் கையை விரிச்சுட்டாரு. பிரியத்துலதானே சாமி செஞ்சேன்? எங்க தப்பு பண்ணேன்?”

குரு எழுந்தார். வண்டியின் இருக்கையைத் தூக்கி, உப்பிய பேட்டரியின் மேலிருந்த தூசியைத் துண்டால் துடைத்தார்.

“படிங்க.”

“நாற்பத்தெட்டு வோல்ட்.”

சார்ஜரை எடுத்து நாச்சியப்பன் கையில் கொடுத்தார்.

“இது?”

“அறுபது.”

நாச்சியப்பன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

“இது எப்பவும் இங்கதான் எழுதியிருந்துச்சா?”

“ஆமா.”

“இப்ப சரியான சார்ஜர் வாங்கிட்டு வந்தா?”

“ஏறாது.”

கொட்டகைக்கு வெளியே வெயில் சாய்ந்திருந்தது. சௌந்தரராசன் வழக்கமாகக் கிளம்புகிற நேரம். நாச்சியப்பனுக்கு அந்தப் பக்கம் பார்க்கவே முடியவில்லை. வாய்விட்டு அழுதார்.

“நான் என்னதான் சாமி பண்ண?”

“வண்டியைத் தள்ளுங்க.”

“யாராவது தள்ளுனா அவருக்குப் பிடிக்காதே. அதுக்காகத்தானே இந்த வண்டியே.”

“தெரியும். தள்ளிக்கிட்டு ஏரிக்குப் போகலாமான்னு முதல்ல அவரைக் கேளுங்க.”

“வேணாம்னு சொல்லிடுவாரு, சாமி.”

“சொல்லட்டும். இந்தத் தடவையாவது கேளுங்க.”