எதிர்க்காற்றில் இரண்டு சைக்கிள்கள்

உலகம்மையிடம் தியானம் கற்க நாங்குநேரிக்கு வருகிறவர்களில் செல்லக்கனிதான் மூத்தவள். குருவைவிடவும் மூன்று வயது மூத்தவள். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த தோழிகள். அதனால் குரு சிஷ்யையை 'அக்கா' என்பாள். சிஷ்யை குருவை 'அம்மா' என்பாள். கேட்கிறவர்கள்தான் குழம்பிப் போவார்கள்.

ஆரல்வாய்மொழிப் பெண்கள் தங்கள் ஊரிலும் ஒரு வகுப்பு வேண்டும் என்றார்கள். செல்லக்கனி வந்து நடத்தட்டும் என்றார்கள்.

"நீங்க இருக்கையில நான் முன்னால உக்காந்து சொல்லிக்கொடுக்கதா? முடியாதும்மா" என்றாள் செல்லக்கனி.

"முடியாதுன்னா நேர்ல போய்ச் சொல்லிட்டு வருவோம். சைக்கிள எடு."

"ஆடி மாசத்துலயா? ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காத்து ஆளையே தூக்குமே!"

"பஸ்ஸுல போனா அது கிடைக்காதுல்லா."

விடிந்ததும் கிளம்பினார்கள். எங்கே போனாலும் குருவுக்குப் பின்னால்தான் வருவாள் செல்லக்கனி. சைக்கிளிலும் அப்படியே. பேச்சு காதில் விழ வேண்டும் என்று ஒட்டியே வந்தாள்.

காவல்கிணறு தாண்டியதும் சாலை மேற்கே திரும்பியது. காற்று நேர் எதிரே வந்தது. ஓரத்து வேலமரங்கள் தரையைப் பார்த்துக் குனிந்தன. மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றன. எதிரே வந்த ஒருவரின் தலைத்துண்டு அவரை விட்டுவிட்டு முன்னே பறந்தது.

செல்லக்கனிக்கு ஒரு சிரமமும் இல்லை.

"உங்க அருளப் பாருங்கம்மா! காத்து நம்மள ஒண்ணுமே செய்யல!"

முன்னாலிருந்து புஸ் புஸ்ஸென்று மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது.

ஊர் நெருங்க நெருங்க செல்லக்கனிக்கு ஒரே யோசனை. அந்தப் பெண்கள் முகம் வாடாமல் 'முடியாது' என்று எப்படிச் சொல்வது? கேட்டுவிடலாம் என்று குருவுக்குப் பக்கத்தில் வந்தாள்.

"அம்மா, எப்படிச் சொன்னா..."

அவ்வளவுதான். ஹாண்டில் பார் ஆடியது. முந்தானை முகத்தில் அறைந்தது. வாய் நிறைய மண். தடுமாறிப் பின்னால் ஒதுங்கினாள். காற்று நின்றுவிட்டது.

மறுபடி பக்கத்தில் வந்தாள். மறுபடி அறை. மறுபடி பின்னால் போனாள். மறுபடி அமைதி.

"அம்மா! நிறுத்துங்க!"

உலகம்மை காலை ஊன்றித் திரும்பினாள். புருவமெல்லாம் செம்மண். கூந்தல் பிரிந்து நாலா பக்கமும் நின்றது. சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இம்புட்டு நேரமும் இந்தக் காத்த நீங்களா வாங்குனீங்க?"

"ஒருத்தி வாங்கித்தான ஆவணும்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லுததுக்கு மூச்சு இருந்தாத்தான!"

"மரியாதைக்குல்லா நான் பின்னால வந்தேன்."

"நல்ல மரியாத போ. எனக்குத் தொட ரெண்டும் கழண்டுட்டு."

செல்லக்கனி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். குருவைத் தாண்டி முன்னால் போனாள்.

போன வேகத்தில் அழுத்தினாள். இத்தனை நேரம் சும்மா வந்த வெட்கத்தையெல்லாம் பெடலில் காட்டினாள். பின்னால் கூப்பாடு கேட்டது.

"ஏக்கா! ஏக்கோவ்! பந்தயமா ஓட்டுத? நீ அங்க போயிட்டா ஒன் முதுக வச்சு நான் என்ன செய்ய?"

வேகத்தைக் குறைத்தாள். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குருவின் செயின் சத்தம் வந்து சேரும்வரை காத்திருந்தாள். பிறகு அந்தச் சத்தம் விலகாத அளவுக்கே மிதித்தாள்.

முப்பந்தல் வந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலைகள். அத்தனையும் சுற்றின. செல்லக்கனியின் பல்லில் மண் நறநறத்தது. முழங்கால் கெஞ்சியது. ஆனாலும் என்னவோ சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. சத்தமாகவே சிரித்தாள்.

பின்னால் உலகம்மை பாட ஆரம்பித்திருந்தாள். சுருதி எங்கேயோ, பாட்டு எங்கேயோ.

"அம்மா, கொடுமையாப் பாடுதீங்க!"

"இப்பதான மூச்சு வந்திருக்கு. பாட விடு."

ஆரல்வாய்மொழி தெரிந்தது. சாலையோரத்தில் பெண்கள் கூட்டமாக நின்று கை காட்டினார்கள். செல்லக்கனி சட்டென்று பிரேக் பிடித்தாள்.

"நீங்க முன்னால வாங்கம்மா. நான் இப்படியே போய் நின்னா என்னத்தான் குருவாக்கிருவாங்க."

உலகம்மை சைக்கிளை நகர்த்தவில்லை.

"அவங்ககிட்ட நான் என்னம்மா சொல்ல?"

"காத்து நின்னுட்டா?"

"இல்ல."

"அப்போ நீ போ. நான் பின்னால வாறேன்."