ஆறு மணி நேரக் கொடி

பஸ் சத்தம்தான் முதலில் கேட்டது. முதல் கியரில் உறுமி உறுமி, மனிதர் மெல்ல ஓடுகிற வேகத்தில் பின்னால் வருகிற சத்தம்.

வேதமணி திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே அதன் நிறமும், கடைசி சீட்டில் கிழிந்திருக்கும் ரெக்சினும் அவருக்குத் தெரியும். மாரத்தானை ஆறு மணி நேரத்துக்குள் ஓடி முடிக்க முடியாதவர்களை அள்ளிக்கொண்டு போகிற பஸ் அது. மூன்று வருஷமாக அவர் அதில்தான் வந்து சேர்ந்திருக்கிறார்.

"அண்ணாச்சி! ஜன்னல் சீட் போட்டு வச்சிருக்கு!" என்று படிக்கட்டில் நின்ற கண்டக்டர் கத்தினார்.

"நீரே உக்காந்துக்கிடும்" என்றார் வேதமணி. குரலில் பலமில்லை.

முப்பத்தொன்றாவது கிலோமீட்டர். மாசி மாதம். விடியலில் இறங்கியிருந்த பனி விலகிவிட்டது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பளம், நடுவில் நூல் பிடித்து வரைந்த மாதிரி ரோடு. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை.

வேதமணி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். வயது ஐம்பத்து நாலு. மனைவி இறந்தபின் இரண்டு வருஷம் வேலை விட்டால் கட்டில், கட்டில் விட்டால் வேலை என்று கிடந்தவரை எழுப்பி வெளியே கொண்டுவந்தது இந்த ஓட்டம் ஒன்றுதான். இந்த வருஷமும் பஸ்ஸில் ஏறினால் ஷூவை யாருக்காவது கொடுத்துவிடப்போவதாக நேற்று சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற ஆள்.

சொன்னது ஜெசிந்தா டீச்சரிடம். பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர், அவரைவிடப் பதினாறு வயது இளையவர், அவருக்கு ஓடக் கற்றுக்கொடுத்தவர். இப்போது கைக்கெட்டும் தூரத்தில் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். கையில் ஒரு கம்பு, அதில் மஞ்சள் கொடி, கொடியில் 'ஆறு மணி' என்று எழுத்து. அதை விடாமல் பின்தொடர்ந்தால் நேரத்துக்குள் போய்விடலாம். வேதமணியோடு செல்வகனி என்கிற நர்ஸும் அவள் கணவரும் கொடியை நம்பி வந்துகொண்டிருந்தார்கள். கணவர் இதுவரை வாய் திறக்கவில்லை.

"வீட்டுலயும் இப்படித்தான், பேசாம பின்னாலயே வருவாவ" என்று செல்வகனி முன்பே சொல்லியிருந்தாள்.

"டீச்சர்" என்றார் வேதமணி.

"சொல்லுங்க அண்ணாச்சி."

"மலைன்னா ஏறி முடிச்சதும் ஒரு இறக்கம் வரும். கால் கொஞ்சம் ஆறும். இந்த ரோட்டுல ஒண்ணுமே வரமாட்டேங்குதே. முப்பதைத் தாண்டுனா என் கால் செத்துப்போகுது. உங்க கால் மட்டும் எப்படி ஓடுது?"

டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். இருபது அடி போனதும் கொடியைப் பக்கவாட்டில் நீட்டினார்.

"இதைக் கொஞ்சம் பிடிங்க. லேஸ் அவுந்துட்டு."

"நானா?"

"கொடி நிக்கக்கூடாது. போங்க."

"எவ்வளவு வேகம்?"

"கிலோமீட்டருக்கு எட்டரை நிமிஷம். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். கடைசியில கூட வாரவங்களை முன்னால அனுப்பிட்டு நீங்க போகணும். கொடி பிடிக்கிறவங்களுக்கு அதான் முறை."

வேதமணி வாங்கிக்கொண்டார். வாங்கியதும் கால் தானாக விரைந்தது.

"அண்ணாச்சி, கொடியைத் தூக்கிட்டு எங்க ஓடுதிய? நாங்க வரவா, வீட்டுக்குப் போகவா?" என்று செல்வகனி பின்னாலிருந்து கத்தினாள்.

கடிகாரத்தைப் பார்த்தார். ஏழே முக்கால் நிமிஷ வேகம். சமமான ரோட்டைக் கண்டதும் பறந்துவிட்டுப் பிறகு உட்கார்ந்துவிடுவதுதான் மூன்று வருஷமும் அவர் செய்தது. அடியைச் சுருக்கினார். மூச்சு வழிக்கு வந்தது.

முப்பத்து நாலில் செல்வகனி இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னால ஆகாது. நீங்க போங்க."

"அந்தத் தண்ணி மேசை தெரியுதா?"

"தெரியுது."

"அதுவரைக்கும்தான் என் பொறுப்பு. அங்க போய்ச் சண்டை போடுவோம்."

மேசை வந்தது. தண்ணீரைக் குடித்துவிட்டு அவள் சண்டை போட மறந்துபோனாள். அடுத்த மேசை வரைக்கும் அவர் அடிகளை வாய்விட்டு எண்ணினார். நூறு வந்ததும் மறுபடி ஒன்று. முப்பத்தேழில் கணவர் முதல் தடவையாக வாயைத் திறந்து, "அறுபத்து மூணை விட்டுட்டிய" என்றார். மூன்று பேரும் சிரித்தார்கள். சிரித்ததில் கொஞ்ச தூரம் போயிற்று.

ஒருமுறை வேதமணி திரும்பிப் பார்த்தார். டீச்சர் இருபது அடி பின்னால் வந்துகொண்டிருந்தார். லேஸ் கட்டியாகிவிட்டது போல. வேதமணி கொடியை உயர்த்திக் காட்டி, வாங்கிக்கொள்ளச் சொன்னார். டீச்சர் கையை மட்டும் அசைத்தார்: போங்க, போங்க. முகம் இறுகியிருந்தது. தனக்குப் பரீட்சை வைக்கிறார் என்று வேதமணி நினைத்துக்கொண்டார்.

கடைசி வளைவு. ஐந்து மணி ஐம்பத்தெட்டு நிமிஷம்.

"நீங்க ரெண்டு பேரும் ஓடுங்க."

"நீங்க?" என்றாள் செல்வகனி.

"கொடி பின்னாலதான் வரணும்."

அவர்கள் போனார்கள். அவர் வேகத்தைக் குறைத்து, டீச்சர் பக்கத்தில் வந்ததும் ஒதுங்கி வழிவிட்டார். டீச்சர் மறுப்பு சொல்லாமல் தாண்டிப் போனார். இருபது வினாடி மிச்சமிருக்க, கொடியோடு வேதமணி கோட்டைக் கடந்தார்.

பின்னாலேயே பஸ் வந்து நின்றது. இன்ஜினை அணைத்தார்கள். அப்போதுதான் அவருக்குக் கடல் இரைவது கேட்டது.

மெடலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவர் தேடிப் போனபோது, டீச்சர் தண்ணீர் மேசைக்குக் கீழே நசுங்கிக் கிடந்த காகிதக் கப்புகளைப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு லேஸ் கட்ட பதினோரு கிலோமீட்டரா டீச்சர்?"

டீச்சர் சிரித்தார்.

"சிரிக்காதீங்க. நான் நடுவுல உக்காந்திருந்தா அந்த ரெண்டு பேரும் பஸ்லதான் வந்திருப்பாவ. எந்த தைரியத்துல எங்கிட்டக் கொடுத்தீங்க?"

டீச்சர் மேசையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தார். இடது காலைத் தரையில் ஊன்றவில்லை.

"தைரியமா? லேஸ் அவுழவே இல்ல அண்ணாச்சி. இருபத்தெட்டுலயே கெண்டைக்கால் பிடிச்சிட்டு. கொடி என் கையிலயே இருந்திருந்தா நாலு பேரும் பஸ்லதான் வந்திருப்போம். யாராவது முன்னால பிடிச்சிட்டுப் போனா, பாத்துக்கிட்டே நானும் வந்திருவேன்னு தோணுச்சு."

வேதமணி சாக்கின் வாயை விரித்துப் பிடித்தார்.

டீச்சர் குனிந்து, அடுத்த கப்பை எடுத்தார்.