படையெடுக்க ஒரு காரணம்

"அம்மா, நான் எழுதிய உடன்படிக்கை வீணாகிவிட்டது," என்றார் ஆரூரன்.

ஆரூரன் அரசவையில் ஓலை எழுதுபவர். 'இனி ஒருவர்மேல் ஒருவர் போர் தொடுக்க மாட்டோம்' என்று இரண்டு நாட்டு அரசர்களும் போன வருடம் முத்திரை வைத்தது அவர் எழுதிய ஓலையில்தான்.

அவருடைய குரு இயக்கியம்மை தலை நிமிரவில்லை. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு?"

"நம் அரசர் ஆற்றங்கரையில் படையை நிறுத்திவிட்டார். என் மகன் முன்வரிசையில் நிற்கிறான்."

"படை எப்போது புறப்படுகிறது?"

"நான் எழுதி முடித்ததும்."

"நீ என்ன எழுத வேண்டும்?"

"உடன்படிக்கையை முதலில் மீறியது அக்கரை அரசர்தான் என்று எழுத வேண்டும். ஊருக்குச் சொல்ல ஒரு காரணம் வேண்டுமாம்."

"நம் அரசருடைய தாத்தா போருக்குப் போனபோது யார் காரணம் எழுதினார்கள்?"

"யாரும் எழுதவில்லை. முரசு கொட்டினார்கள், போனார்கள்."

அம்மை ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டார்.

"இதுவரை எத்தனை ஓலை எழுதினாய்?"

"பன்னிரண்டு. நம் மாட்டை ஓட்டிப் போனார்கள் என்று எழுதினேன். 'எந்த மாடு? யார் வீட்டு மாடு?' என்று அரசர் கிழித்துப்போட்டார். கோயில் மணியைத் திருடினார்கள் என்று எழுதினேன். 'மணி அங்கேயேதானே தொங்குகிறது, ஊரே சிரிக்காதா?' என்று மூஞ்சியிலேயே எறிந்தார்."

"எத்தனை நாளாக இப்படி?"

"இருபது நாளாக."

"இருபது நாளும் படை சும்மாவா நிற்கிறது?"

"ஆமாம். பொங்கிச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார்கள்."

"ஆற்றில் புதுவெள்ளம் எப்போது வரும்?"

"இன்னும் நாலைந்து நாளில் வந்துவிடும். அதற்கப்புறம் தை வரைக்கும் யாராலும் கடக்க..."

ஆரூரன் பாதியில் நிறுத்தினார். அதுவரை ஓலை முடியாவிட்டால் படை புறப்படாது! மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பும் வந்தது.

பிறகு மெல்லச் சொன்னார்: "ஆனால் அம்மா, இந்தப் பிழைப்பே வேண்டாம் என்று இன்று காலை சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து வந்துவிட்டேன். எனக்குப் பொய் எழுதவே வரவில்லை."

அம்மை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"அடப்பாவி! உன் இடத்துக்கு வருகிறவனுக்கு அது நன்றாக வந்துவிட்டால்? எழுந்து அரண்மனைக்கு ஓடு!"