செண்பகவடிவு கேட்டதாகச் சொல்லுங்கள்

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளுக்கு நடுவே தகரக் கூரை போட்ட ஒரு வீடு இருந்தது. அங்கே மாதரசி இருந்தாள். ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. வேலையை விட்டுவிட்டு நான்கு வருடம் சைக்கிளிலேயே ஊர் ஊராக, நாடு நாடாகப் போனாள். திரும்பி வந்த பிறகு எங்கும் போகவில்லை. வடக்கிலிருந்து கன்னியாகுமரிக்குச் சைக்கிளில் வருகிறவர்கள் அவள் வீட்டில் தங்கிப் போவார்கள். கிளம்ப நினைக்கிறவர்கள் அவளிடம் வந்து படித்துப் போவார்கள். வயது நாற்பத்தொன்றுதான். எல்லாருக்கும் அவள் டீச்சர்.

சித்திரை மாதக் கடைசியில் பணகுடியிலிருந்து நல்லபெருமாள் அவளைத் தேடி வந்தார். அரசுப் பள்ளியில் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்துமூன்று.

"என்ன படிக்கணும் அண்ணாச்சி?"

"நெடுந்தூரம் போகணும் டீச்சர்."

"எதுல வந்தீங்க?"

"பஸ்ஸுல."

"சைக்கிள்?"

"வீட்ல நிக்குது. வாங்கி மூணு வருஷமாச்சு."

"அப்ப நாளைக்கு அதுல வாங்க."

மறுநாள் வந்தார். இருபது கிலோமீட்டர்தான். காற்று முகத்தில் அறைந்ததால் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. சட்டை நனைந்திருந்தது.

"எதிர்க்காத்துல எப்படி ஓட்டுறது டீச்சர்?"

"மெதுவா."

அவ்வளவுதான் சொன்னாள். அதன் பிறகு அவர் தினமும் வந்தார். காலையில் அவரை ஏதாவது ஓர் ஊருக்கு அனுப்புவாள். அவர் போனைத் தன்னிடம் வைத்துக்கொள்வாள். சாயங்காலம் திரும்பி வந்ததும் பார்த்ததைச் சொல்லச் சொல்வாள்.

அவர் வேறு கதை சொல்வார். சில்சாரிலிருந்து கிளம்பிய துலால் என்ற பையன் சாமர்கண்ட் பக்கம் ஒரு பாலத்தடியில் தூங்கியதைச் சொல்வார். புனேக்காரச் சகோதரிகள் இரண்டு பேர் ஆப்பிரிக்காவில் மலேரியாவோடு படுத்திருந்ததைச் சொல்வார். யாருக்கு எந்த ஊரில் செயின் அறுந்தது, யார் எந்த எல்லையில் எத்தனை நாள் காத்துக் கிடந்தார்கள், எல்லாம் தெரியும். சைக்கிளில் உலகம் சுற்றுகிற பதினோரு பேரைப் பத்து வருடமாகப் போனில் பின்தொடர்ந்து வந்திருக்கிறார்.

"உங்க ரோட்டுல என்ன இருந்தது?"

"என் ரோட்டுலயா? ஒண்ணும் இல்லையே டீச்சர்."

ஒன்பதாம் நாள் மாதரசி கேட்டாள்.

"இந்தக் கதையெல்லாம் யார்கிட்ட சொல்லிப் பழகினீங்க?"

அவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு சொன்னார்.

அவர் மனைவி பெயர் செண்பகவடிவு. தண்டுவடத்தில் ஒரு கட்டி. அறுவை சிகிச்சைக்குப் பிறகு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. ஒன்பது வருடம் கட்டிலில் இருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து, அவளைத் துடைத்து, உடை மாற்றி, சாயங்காலம் ஐந்து மணிக்குப் போனை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவார். அந்தப் பதினோரு பேரும் அன்றைக்கு எழுதியதைத் தமிழில் சொல்வார். ஓய்வு பெற்ற அன்று அவள்தான் சைக்கிள் வாங்க வைத்தாள். அதைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நிறுத்தச் சொன்னாள். கையை நீட்டினால் சக்கரம் எட்டும்.

"போன வருஷம் மாசியில போய்ட்டா. நான் இப்பவும் அஞ்சு மணிக்கு வாசிக்கேன் டீச்சர். சத்தமா. அடுத்த வீட்டுப் பொண்ணு ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தா. அன்னைக்குத்தான் எனக்கே உறைச்சது. அப்பதான் உங்ககிட்ட வரணும்னு நினைச்சேன்."

"சைக்கிள் இருக்கு. கால்ல பலம் இருக்கு. இந்தப் பதினாலு மாசமா ஏன் கிளம்பலை?"

"ஒரு பொய் தடுக்கு."

"என்ன பொய்?"

"அந்தப் பசங்க நிறைய எழுத மாட்டாங்க டீச்சர். இத்தனை கிலோமீட்டர், மழை, படுத்தேன். அவ்வளவுதான். அவ விட மாட்டா. யாரு சோறு போட்டா? என்ன கொழம்பு? அந்த வீட்டுப் பொம்பள என்ன சேலை? இப்படியே கேப்பா. முதல்ல தெரியலைன்னேன். மூஞ்சி வாடிப் போச்சு. அப்புறம் நானே சேர்க்க ஆரம்பிச்சேன்."

"என்ன சேர்த்தீங்க?"

"மணாலியிலிருந்து லே போற பாதையில ஒரு கணவாய் இருக்கு. துலால் அங்க போனப்ப, 'மேலே ஒரு கூடாரத்தில் டீ குடித்தேன், இறங்கினேன்'னு எழுதியிருந்தான். நான் அந்தக் கூடாரத்துல ஒரு பொம்பளையை உட்கார வச்சேன். மூக்குத்தி போட்டவ. கனத்த உடம்பு. வர்றவங்க பேரைக் கேட்டுத்தான் டீ ஊத்துவா, போனவங்க பேரை மறக்கவே மாட்டான்னு சொன்னேன். செண்பகவடிவுக்கு அவளை ரொம்பப் பிடிச்சுப் போச்சு. வேற யாரைப் பத்தி வாசிச்சாலும், 'அந்த மலைக்காரி எப்படி இருக்கா?'ன்னு கேப்பா. நானும் ஒவ்வொண்ணா சொன்னேன். பனி விழுந்து கடையை மூடிட்டா, கீழ தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கா, திரும்பி வந்துட்டான்னு. ஏழு வருஷம்."

அவர் சைக்கிள் சக்கரத்தின் மேல் கை வைத்தார்.

"கடைசி வாரம் ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'நீங்க எப்பவாவது போனா அவகிட்ட நான் கேட்டேன்னு சொல்லுங்க'ன்னா. அப்படி ஒருத்தி கிடையாதுன்னு சொல்ல வாய் வரலை. சரின்னேன். இப்ப சொல்லுங்க டீச்சர், இல்லாத ஒருத்திக்குச் சேதியை எப்படிக் கொண்டு போறது?"

மாதரசி உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்து முடித்த பிறகு கேட்டாள்.

"உங்களுக்கு இந்தி தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப சேதியை முதல்ல இந்தியில சொல்லப் படிங்க."

அன்றைக்கு அவருக்கு ஒரே ஒரு வாக்கியம் கற்றுக்கொடுத்தாள். என் வீட்டுக்காரி உங்களைக் கேட்டதாகச் சொன்னாள் என்பதற்கான இந்தி. அவர் நாக்கு புரளவில்லை. நூறு முறை சொல்ல வைத்தாள்.

ஆனி மாதம் ஆறாம் தேதி நல்லபெருமாள் கிளம்பினார். மாதரசி அவருடைய போனை வாங்கி வைத்துக்கொண்டு, தன்னுடைய பழைய பட்டன் போனைக் கொடுத்தாள்.

"ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பிடுங்க."

முதல் ஞாயிறு கூப்பிட்டார்.

"முந்நூத்து அறுபது கிலோமீட்டர் டீச்சர்."

"சரி."

மூன்றாம் ஞாயிறு கர்னூலிலிருந்து கூப்பிட்டார்.

"ஆயிரத்து நாப்பது. பின் டயர் மாத்தியாச்சு."

"சரி."

ஆறாம் ஞாயிறு லலித்பூர் தாண்டி ஏதோ ஒரு சாலையோரக் கடையிலிருந்து கூப்பிட்டார். கிலோமீட்டர் சொல்லவில்லை.

"இங்க ஒரு வீட்ல மழைக்கு ஒதுங்கினேன் டீச்சர். அந்த அம்மா பச்சைச் சேலை. முழங்கை வரைக்கும் வளையல். உருளைக்கிழங்கை அடுப்புச் சாம்பல்லயே சுட்டுத் தோலை உரிச்சுக் கையில வச்சா. உப்பும் பச்சை மிளகாயும்தான். நான் இதுவரைக்கும் இப்படித் தின்னதில்லை. என்ன பேர்னு சைகையிலயே கேட்டேன். துளசான்னு சொன்னா."

"அப்புறம்?"

அவர் பேசிக்கொண்டே இருந்தார். கடைசியில் போனில் சார்ஜ் தீர்ந்து போயிற்று.

ஆவணியில் இரண்டு ஞாயிறு அழைப்பு வரவில்லை. மாதரசி போட்டாலும் மணி போகவில்லை. அந்த நாட்களில் தங்க வந்தவர்களிடம் அவள் அதிகம் பேசவில்லை.

புரட்டாசி பிறந்த மறுவாரம் ஒரு காலையில் நல்லபெருமாள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து நின்றார். ரயிலில் நாகர்கோவிலில் இறங்கி, அங்கிருந்து ஓட்டி வந்திருந்தார். தாடி முளைத்திருந்தது. மூக்கு நுனியில் தோல் உரிந்து புதுத்தோல் வந்திருந்தது. உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை.

"கணவாய்க்குப் போனேன் டீச்சர்."

"சொல்லுங்க."

"கடைசி ஏழு கிலோமீட்டர் ஓட்ட முடியலை. மூச்சு வாங்குச்சு. தள்ளிக்கிட்டுதான் போனேன். மேல நாலு கூடாரம் இருந்துச்சு. மூணுல ஆம்பளைங்க. நாலாவதுல ஒரு பொண்ணு. கனத்த உடம்பெல்லாம் இல்லை, ஈர்க்குச்சி மாதிரி இருந்தா. மூக்குத்தி இல்லை. என் பேரைக் கேக்கலை. நிமிர்ந்து கூடப் பார்க்கலை, அடுப்பை ஊதிக்கிட்டு இருந்தா. இவகிட்ட என்னத்தச் சொல்லன்னு திரும்பிடலாம்னு நினைச்சேன். ஆனா ரெண்டு மாசமா ரோட்டுல சொல்லிச் சொல்லிப் பழகின வாய். தானா வந்துடுச்சு."

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன். அப்பதான் நிமிர்ந்து பார்த்தா. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தா. அப்புறம் ஏதோ கேட்டா. நீங்க எனக்குச் சொல்லத்தான் கத்துக்கொடுத்தீங்க, பதிலுக்கு ஒண்ணும் கத்துக்கொடுக்கலை. எனக்கு என்ன தெரியும்? ஆமான்னு தலையாட்டினேன். உடனே அவ சிரிச்சா டீச்சர். ரெண்டு கிளாஸை எடுத்துக் கழுவினா. ரெண்டுலயும் டீ ஊத்தினா. ரெண்டையும் என் கையில கொடுத்தா."

"ரெண்டா?"

"ரெண்டு. எனக்கு விளங்கலை. அந்த ஊர் வழக்கமா இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன். வெளியே வந்து ஒரு பாறையில உட்கார்ந்தேன். ஒண்ணைக் குடிச்சேன். இன்னொண்ணைக் குடிக்கத் தோணலை. ஏன்னு தெரியலை. பக்கத்துல வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே மலை பூரா பனி. ஆவி அடங்குற வரைக்கும் இருந்தேன்."

அவர் சைக்கிளை இன்னும் கொஞ்சம் கிட்டே உருட்டிக்கொண்டு வந்தார்.

"அவ கேட்டதை மறந்துடக் கூடாதுன்னு அந்தச் சத்தத்தை அப்படியே மனப்பாடம் பண்ணிக்கிட்டேன். ரயில்ல மூணு நாளும் இதேதான். உங்களுக்குப் புரியுதான்னு பாருங்க. 'ஓபி ஆயி ஹேக்கியா.'"

"இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னார்.

மாதரசி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

"'அவங்களும் வந்திருக்காங்களா?'ன்னு கேட்டிருக்கா."

நல்லபெருமாள் சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. நெடுஞ்சாலையில் ஒரு லாரி போயிற்று.

"ஆமான்னு தலையாட்டிட்டேனே டீச்சர். அப்ப இதுவும் பொய்தானா?"

"அதை என்கிட்ட கேட்டா எப்படி அண்ணாச்சி?" என்றாள் மாதரசி. "வழி பூரா உங்க கூட வந்தது நானா?"