புள்ளித் தாத்தாவின் கம்ப்யூட்டர்

கருணைமேட்டு மடத்தில் குருவுக்கு வயது நாற்பத்தேழு, சீடருக்கு அறுபத்தாறு. குருவின் பெயர் உலகம்மை. ஏழு வயதில் வந்த ஒரு காய்ச்சலில் பார்வை போனவர். சீடர் ஆவுடையப்பன் டெலிபோன் இலாகாவில் இருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர். அவர் உலகம்மையை அம்மா என்பார். வயதில் மூத்தவர் என்பதால் உலகம்மை அவரை ஐயா என்பார்.

மடத்தில் காலையில் ஒரு மணி நேரம் எல்லோரும் கண்மூடி உட்காருவார்கள். அதற்குப் பிறகு வேலை. பார்வையற்ற பிள்ளைகளுக்காகப் பாடப் புத்தகங்களை பிரெய்லில் அச்சிடும் வேலை. ஆவுடையப்பன் பாடத்தைக் கம்ப்யூட்டரில் அடிப்பார். பக்கத்தில் இருக்கும் அச்சு இயந்திரம் அதைத் தடித்த தாளில் புள்ளி புள்ளியாகக் குத்தித் தரும். உலகம்மை அதை விரலால் படித்துப் பிழை சொல்வார். திருத்திய பக்கங்கள் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள பள்ளிக்கூடத்துக்கு வேனில் போகும்.

இப்படிப் பதினான்கு வருடம் ஓடியிருந்தது. அந்தப் பதினான்கு வருடமும் ஒரே கம்ப்யூட்டர்.

அதைப் பூட்டி ஓடவைத்தவரே ஆவுடையப்பன்தான். மனைவி செண்பகம் இறந்த மூன்றாம் மாதம் அவர் மடத்துக்கு வந்தார். அம்மா ஏதாவது ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்து வந்தவரிடம், உலகம்மை ஒரு மூலையைக் கைகாட்டி, யாரோ கொடுத்த கம்ப்யூட்டர் பெட்டிகள் பிரிக்காமல் கிடக்கின்றன, உங்களுக்கு இதெல்லாம் பூட்டத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது. ஆனாலும் உட்கார்ந்து மூன்று நாளில் பூட்டிவிட்டார். நான்காம் நாள் திரையில் வெளிச்சம் வந்தபோது, மூன்று நாளாகத் தான் அழவில்லை என்பது அவருக்கு உறைத்தது. அன்றிலிருந்து அந்த இயந்திரத்தின் மேல் அவருக்குத் தனிப் பிரியம். காலையில் அதன் பக்கவாட்டில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவார். ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் முதலில் அதற்குத்தான்.

இப்போது அதற்கு வயதாகிவிட்டது. சுவிட்சைப் போட்டுவிட்டுப் போய்க் குளித்துவிட்டு வந்தால்தான் திரை வரும். அடித்துக்கொண்டே இருக்கும்போது அப்படியே உறைந்து நின்றுவிடும். அணைத்துப் போட வேண்டும். தை மாதம் பிறந்ததும் ஒருநாள் சுத்தமாகப் படுத்துவிட்டது. ஆவுடையப்பன் அதைக் கழற்றுவதும் துடைப்பதும் மாட்டுவதுமாக மூன்று நாள் கூடவே கிடந்தார். மூன்றாம் நாள் அது எழுந்துகொண்டது. ஆனால் பழைய தெம்பு இல்லை.

டவுனில் இருந்து ஜெபசிங் வந்து பார்த்தார். கம்ப்யூட்டர் வேலையில் கைதேர்ந்தவர். பெட்டியைத் திறந்து டார்ச் அடித்து நெடுநேரம் பார்த்தார்.

ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. என்கிற புதுவகை டிஸ்க் போட்டு, ராம் என்கிற நினைவகத்தையும் கூட்டினால் வேகம் வரும் என்றார். ஆனால் மதர்போர்டும் தளர்ந்துவிட்டது, அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு வருடம் ஓடினாலும் ஓடும், அடுத்த வாரமே நின்றாலும் நிற்கும். புதிதாக வாங்கினால் அதில் வேறு சிக்கல். அச்சு இயந்திரத்தின் பழைய கேபிளைச் செருகப் புதுக் கம்ப்யூட்டரில் இடமே இராது. தனியாக ஒரு கார்டு போட வேண்டும். ஒத்துக்கொள்ளுமா என்பது போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

"முடிவை நீங்கதான் சொல்லணும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார் ஜெபசிங்.

வாங்கித் தருவதற்கு ஆள் இருந்தது. மடத்துக்கு வந்துபோகும் டாக்டர் ஒருவர் போன வருடமே கேட்டார். ஆவுடையப்பன்தான், இருப்பதே நன்றாக ஓடுகிறது டாக்டர் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மறுநாள் தியானம் முடிந்ததும் அவர் உலகம்மையின் முன்னால் போய் உட்கார்ந்தார். அம்மாவின் மடியில் அச்சான பக்கங்கள் இருந்தன.

"அம்மா, பழசையே சரி பண்ணி ஓட்டவா? புதுசு வாங்கிக்கவா?"

உலகம்மையின் விரல் வரியின் கடைசி வரை போய் நின்றது.

"உங்களுக்கு என்ன தோணுது?"

ஆவுடையப்பன் சொல்லத் தொடங்கினார். ஜெபசிங் சொன்னதைச் சொன்னார். புதியதில் கேபிள் சேராமல் போனால் என்ன ஆகும் என்று சொன்னார். பழையதின் குணம் தனக்கு அத்துப்படி, எங்கே தட்டினால் எழும் என்று தெரியும் என்றார். எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் உள்ளே இருந்தது வெளியே வந்தது.

"பதினாலு வருஷம் உழைச்சிருக்கும்மா. நான் இருந்த இருப்புல என்னை உட்கார வச்சதே அதுதான். தூக்கிப்போட்டா நன்றி கெட்டவன் ஆயிருவேன்."

உலகம்மை மடியில் இருந்த பக்கங்களை அடுக்கி, நூலால் கட்டி நீட்டினார்.

"இதைப் பள்ளிக்கூடத்துல பேச்சியம்மாள்னு ஒரு பிள்ளைகிட்ட குடுத்துட்டு வாங்க."

"சாயங்காலம் வேன் வருமேம்மா."

"இன்னைக்கு நீங்க போங்க. அவ படிக்கிற வரைக்கும் பக்கத்துல இருந்துட்டு வாங்க."

கட்டைக் கையில் வாங்கிக்கொண்டு பாலத்தில் நடக்கும்போதுதான் ஆவுடையப்பனுக்கு ஒன்று தோன்றியது. தான் அடித்த பக்கத்தை ஒரு பிள்ளை படிப்பதை இதுவரை அவர் பார்த்ததே இல்லை.

பேச்சியம்மாள் பன்னிரண்டாம் வகுப்பு. பொதுத் தேர்வுக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் தனியாக உட்கார்ந்து பழைய பாடம் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தாள். மடத்தில் இருந்து வருகிறேன் என்று ஆவுடையப்பன் சொன்னதும் நிமிர்ந்தாள்.

"புள்ளித் தாத்தாவா?"

பிள்ளைகள் தனக்கு ஒரு பெயர் வைத்திருப்பது அன்றுதான் அவருக்குத் தெரியும். ஆமாம் என்றார்.

அவள் கட்டைப் பிரித்து முதல் பக்கத்தில் கை வைத்தாள். இரண்டு ஆள்காட்டி விரல்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. உதடு மட்டும் அசைந்தது. ஒரு இடத்தில் சிரித்தாள். ஒரு இடத்தில் திரும்பிப் போய் மறுபடி படித்தாள். ஆவுடையப்பன் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு நாள் முழுக்க அடித்த பாடம் அவள் விரலில் ஒரு காபி குடிக்கிற நேரத்தில் போனது.

முடித்துவிட்டு அவள் பேசினாள். எட்டாம் வகுப்பு வரை வேறு ஊரில் படித்தாளாம். அங்கே புத்தகம் கிடையாது. யாராவது வாசித்துக் காட்டினால்தான் பாடம்.

"வாசிக்கிறவங்களுக்குக் கொட்டாவி வந்தா அன்னைக்கு எனக்குப் பாடம் முடிஞ்சுது. இப்ப எனக்கு எப்ப தோணுதோ அப்ப படிக்கேன். உங்களைப் பார்த்தா சொல்லணும்னு இருந்தேன் தாத்தா."

ஆவுடையப்பன் இருக்கட்டும் தாயி என்று மட்டும் சொன்னார்.

"ஒரு சந்தேகம். கேக்கலாமா?" என்றாள். "பருவக்காற்று பாடம் ஏன் பாதியில முடியுது?"

"பாதியிலயா?"

"'வடகிழக்குப் பருவக்காற்று அக்டோபர் மாதத்தில் தொடங்கி.' அவ்வளவுதான். அடுத்த பக்கம் வேற பாடம். நான் அப்படியே மனப்பாடம் பண்ணிட்டேன். அரைப்பரீட்சையில நான் சொல்லச் சொல்ல ஒரு டீச்சர் எழுதினாங்க. தொடங்கின்னு நிறுத்தினதும், அப்புறம்னு கேட்டாங்க. அவ்வளவுதான் டீச்சர்னேன்."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். பாடப் புத்தகம் எழுதினவருக்கே அதற்கு மேல் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாளாம்.

ஆவுடையப்பனுக்கு அந்த நாள் நினைவு வந்தது. அச்சாகிக்கொண்டிருக்கும்போது கம்ப்யூட்டர் உறைந்து நின்ற நாள். ஒரு மணி நேரம் போராடி அதை எழுப்பினார். நேரமாகிவிட்டது என்று, நின்ற பக்கத்தைப் பார்க்காமல் அடுத்த பாடத்தில் இருந்து ஓட்டினார். வேன் வந்து நின்றதால் அம்மாவின் கைக்குக்கூடக் கொடுக்காமல் அனுப்பினார். பிழைத்துக்கொண்டது, பிழைத்துக்கொண்டது என்று அன்று மடத்தில் எல்லோரிடமும் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு திரிந்ததும் நினைவு வந்தது.

"பாடம் முடியலை தாயி. மீதி ஒன்றரைப் பக்கம் இருக்கு. தப்பு என்னோடது" என்றார்.

"அதனால என்ன தாத்தா? மத்ததெல்லாம் வந்துதே" என்றாள் பேச்சியம்மாள். அவள் அதை ஒப்புக்குச் சொல்லவில்லை.

அவர் மடத்துக்குத் திரும்பி, நடந்ததை ஒன்று விடாமல் உலகம்மையிடம் சொன்னார். அம்மா குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அவளுக்கு இன்னும் எத்தனை பாடம் பாக்கி?"

"பதினொண்ணும்மா."

"பழசு தாங்குமா?"

காலையில் இதே கேள்விக்கு ஆவுடையப்பனிடம் நிறையப் பதில் இருந்தது. இப்போது ஒன்றுதான் இருந்தது.

"சொல்ல முடியாதும்மா."

உலகம்மை தலையசைத்தார். ஆவுடையப்பன் எழுந்து போய் டாக்டருக்கும் ஜெபசிங்குக்கும் போன் போட்டார்.

புதுக் கம்ப்யூட்டர் நான்காம் நாள் வந்தது. பழையதில் இருந்து இருநூற்றுப் பதினான்கு புத்தகங்களை எடுத்து மாற்ற வேண்டியிருந்தது. எடுக்க எடுக்க அது ஐந்து தடவை நின்றது. ஒவ்வொரு தடவையும் ஆவுடையப்பன் பொறுமையாக எழுப்பினார். கடைசிப் புத்தகமும் வந்து சேர்ந்தபோது அதன் பக்கவாட்டைத் தடவிக் கொடுத்தார். கேபிளுக்குப் போட்ட கார்டு முதல் நாள் ஒத்துக்கொள்ளவில்லை. ஜெபசிங் வேறொன்று கொண்டுவந்து மாற்றினார். மறுநாள் மத்தியானம் அச்சு இயந்திரம் கடகடவென்று புள்ளி குத்தத் தொடங்கியது. முதலில் வந்தது பருவக்காற்றின் மீதி ஒன்றரைப் பக்கம். உலகம்மை படித்து ஒரு பிழை சொன்னார். திருத்தி அனுப்பினார்கள்.

பதினொரு பாடமும் நாளுக்குள் போயின. ஒவ்வொரு கட்டையும் ஆவுடையப்பனே பாலம் தாண்டிக் கொண்டுபோய்க் கொடுத்தார். பேச்சியம்மாள் நல்லபடியாகத் தேறி, ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போட்டாள். சேதி வந்த அன்று ஆவுடையப்பன் மடத்தில் எல்லோருக்கும் பாயசம் வைத்தார்.

பழைய கம்ப்யூட்டரை மட்டும் அவர் விடவில்லை. அறையின் மூலையில் ஒரு பலகை போட்டு, மேலே துண்டை விரித்து வைத்திருந்தார். காலையில் வேலையைத் தொடங்கும் முன் துண்டை எடுத்து, தூசி துடைத்து, சற்று நேரம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். அந்தச் சற்று நேரம் வரவர நீண்டுகொண்டு போயிற்று.

ஆனி மாதம் ஜெபசிங் வந்தார். பக்கத்து ஊர் நூலகத்தில் இதே மாதிரிக் கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது, இதில் உள்ள மின்விசிறியும் பவர் சப்ளையும் கிடைத்தால் அது ஓடும், மற்றதைப் பிரித்து உருக்குபவர்களிடம் ஒப்படைத்துவிடலாம் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று ஆவுடையப்பன் அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

"அம்மா, அது ஒரு மூலையில இருந்துட்டுப் போகட்டுமே. ஓடவேண்டாம். சும்மா, நன்றிக்கு."

உலகம்மை எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு மூலைக்கு வந்தார். துண்டை விலக்கினார். பெட்டியின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து நெடுநேரம் நின்றார். பிறகு கைகூப்பி, குனிந்து நெற்றியை அதன் மேல் வைத்து எடுத்தார். மடத்தை உண்டாக்கிய குருவின் படத்துக்கு முன்னால் அவர் அப்படிச் செய்வதை ஆவுடையப்பன் பார்த்திருக்கிறார். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. அவரும் கும்பிட்டார்.

"ஜெபசிங்கைக் கூப்பிடுங்க" என்றார் உலகம்மை.

ஜெபசிங் வந்து பெட்டியை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போனார். மூலையில் வெறும் பலகை இருந்தது. ஆவுடையப்பன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அது போயிருச்சும்மா. எனக்குள்ள இருக்கிற நன்றியை நான் என்ன செய்ய?"

உலகம்மை கையால் துழாவி அவருடைய நாற்காலியைக் கண்டுபிடித்தார். அதைப் புதுக் கம்ப்யூட்டருக்கு முன்னால் இழுத்துப் போட்டார்.

"ஒண்ணாம் வகுப்புல ரெண்டு பிள்ளைங்க புதுசா சேர்ந்திருக்காங்க ஐயா. இன்னும் ஒரு எழுத்துகூட அவங்க விரல்ல படலை."