மேஸ்திரி மேய்த்த குடும்பம்

கல்லுக்குட்டத்தில் புத்தி பங்கு வைத்த அன்றைக்கு அருளப்பன் வீட்டார் ஒரு ஞானஸ்நான விருந்துக்குப் போயிருந்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். வீட்டாருக்கு அதில் வருத்தமே கிடையாது. விருந்தில் கறி பிரமாதமாம்.

அந்த வீட்டு மருமகள் ஜெசிந்தா கான்வென்ட்டில் படித்தவள். அவளுக்கு இருந்தது ஒரே பயம். குழந்தை பியூலா தவழ ஆரம்பித்துவிட்டாள். வாசலை ஒட்டியே பஸ் போகிற ரோடு. சோறு வடிக்கும்போதுகூட ஜெசிந்தாவுக்கு ஒரு கண் வாசலில்தான்.

“ஒரு கேட் போட்டுருவோமா?” என்று புருஷனைக் கேட்டாள்.

“கேட்டைப் போட்டுட்டா, வெளியே போன பிள்ளை எப்படி உள்ளே வரும்?” என்றான் அருளப்பன். அது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது.

அதனால் நாய்க் காப்பகத்துக்குப் போய் ஒரு நாயைத் தத்தெடுத்தார்கள். கறுப்பும் வெள்ளையுமாக, நின்ற இடத்திலேயே ஓடுகிற நாய். காப்பகத்து வனஜா மேடம் கண்டிப்பாகச் சொன்னார்: “இது ஆடு மேய்க்கிற ஜாதி. மேய்க்க வேலை இல்லேன்னா வீட்டையே பிச்சுப் போட்டுரும். சனிக்கிழமை வந்து பார்ப்பேன். சரியா வச்சுக்கலேன்னா திருப்பிக் கூட்டிட்டுப் போயிருவேன்.”

மேஸ்திரி என்று பேர் வைத்தார்கள். வந்த அன்றே பியூலா வாசலுக்குத் தவழ, மேஸ்திரி குறுக்கே படுத்து, மூக்கால் தள்ளித் தள்ளி அவளை அடுப்படியில் கொண்டுவந்து சேர்த்தது. ஜெசிந்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த நாய் திரும்பிப் போகவே கூடாது. ஆனால் வீட்டில் ஆடு கிடையாதே!

கூடி உட்கார்ந்து யோசித்தார்கள்.

“ஆடு வாங்குவோம்,” என்றான் மூத்த கொழுந்தன் சவரியான்.

“வாங்கின ஆட்டை யாரு பாத்துக்கிறது?” என்றான் இளையவன் தொம்மை.

“நாய் இருக்கேடே.”

“நாய் பிள்ளையைப் பாக்கணுமே.”

ஜெசிந்தாதான் வழி கண்டுபிடித்தாள். “ஞாயித்துக்கிழமை தவறாம பங்குச்சாமி என்ன சொல்றாரு? நாமெல்லாம் மந்தை ஆடுகள்னு சொல்றாரா இல்லையா?”

“அட, ஆமா மைனி!” தொம்மை நெற்றியில் அடித்துக்கொண்டான். “வீடு நிறைய ஆட்டை வச்சுக்கிட்டு சந்தைக்குப் போகப் பாத்தோமே!”

மறுநாள் காலையிலிருந்து குடும்பமே கொல்லையில் முட்டி போட்டு மேய்ந்தது. முட்டி போடுவது ஜெசிந்தாவுக்குக் கான்வென்ட்டிலேயே பழக்கம். அருளப்பன் வேலைக்குக் கிளம்பிப் பார்த்தான். மேஸ்திரி வளைத்துத் திருப்பிக் கொண்டுவந்தது.

“முதலாளி திட்டுவாரேடே!”

“ஆட்டுக்கு ஏதுண்ணே முதலாளி?” என்றான் சவரியான், புல்லிலிருந்து தலையை எடுக்காமல்.

சனிக்கிழமை வனஜா மேடம் வந்தார். வாயைத் திறக்குமுன் மேஸ்திரி அவரையும் வளைத்து முருங்கை மரத்தடிக்கு ஓட்டிவந்தது.

“என்ன இது? நாயைக் கூப்பிடுங்க!”

“சத்தம் போடாதீங்க மேடம், டியூட்டில இருக்கு,” என்று ஒரு கட்டு அகத்திக்கீரையை அவர் பக்கம் நகர்த்தினாள் ஜெசிந்தா.

மேடம் செருப்பை விட்டுவிட்டு வேலி தாண்டி ஓடினார். நாய் உங்களுக்கு உண்டு, இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கு ஜெசிந்தாவுக்குப் புல் இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மந்தையோடு மேஸ்திரியும் போனது. மேடத்தின் செருப்பைப் பூசை முடிந்ததும் காப்பகத்தில் கொடுக்கலாமென்று ஜெசிந்தா பையில் எடுத்துப் போயிருந்தாள். “காணாமல் போன ஒரே ஓர் ஆட்டைத் தேடி…” என்று பங்குச்சாமி பிரசங்கத்தை ஆரம்பித்தார். மேஸ்திரி பையை ஒருமுறை மோந்துவிட்டு வெளியே பாய்ந்தது.

பிரசங்கம் முடியுமுன்னே திரும்பியும் வந்தது. முன்னால், நாயைப் பிடித்துப் போக பஸ்ஸில் வந்திறங்கிய வனஜா மேடம். கையில் நாய்ச் சங்கிலி. மாற்றுச் செருப்பும் வழியில் கழன்றுபோய், வெறுங்காலோடு சந்நிதிவரைக்கும் ஓடிவந்தார்.

“நாயை நீங்களே வச்சுக்குங்க,” மேடத்துக்கு மூச்சு வாங்கியது. “என்னை மட்டும் விட்டுருங்க!”

ஜெசிந்தா பியூலாவை மார்போடு இறுக்கிக்கொண்டாள். பயமெல்லாம் போய்விட்டது. செருப்பை எடுத்துக் கொடுத்தாள். பிறகு முகத்தைக் கண்டிப்பாக வைத்துக்கொண்டாள்.

“விடுறோம் மேடம். ஆனா சனிக்கிழமை உங்க வீட்டுக்கு வந்து பாப்போம். உங்களைச் சரியா வச்சுக்கலேன்னா, திருப்பிக் கூட்டிட்டு வந்துருவோம்.”